ஆபீஸ் நேரத்தில் ஒரு கொடுவா

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஜனவரியில் கம்பெனி கொடுத்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடக்கிறது. வீணாகக் கூடாதே என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

காலை எட்டரைக்கு வழக்கம்போல டிபன் பாக்ஸுடன் கிளம்பினேன். மாலை ஆறேகாலுக்கு வழக்கம்போல வீடு திரும்பினேன். "இன்னைக்கு ஆபீஸ் எப்படிப் போச்சு?" என்று கனி கேட்டாள். "வழக்கம்போலதான்" என்றேன்.

முயல் தீவுக் கரையில் தூண்டிலில் நாலு பேத்தை மீன்கள். நாலும் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு என்னை முறைத்தன. தின்ன முடியாத மீன். நாலையும் கடலிலேயே விட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். யாராவது படித்தால் தப்பாக நினைப்பார்கள். ஆகவே விவரம்.

பெயர் வைகுண்டமணி. வயது நாற்பத்தேழு. தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியின் கிளையில் ஆவணப் பிரிவு மேலாளர். தற்சமயம் ஓய்வில் இருக்கிறேன். சின்ன ஓய்வு. மனைவி சுயம்புக்கனி மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். மகள் யாழினி பத்தாம் வகுப்பு. இருவரிடமும் இந்த ஓய்வைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் போடுவேன். இப்போது தினமும். ராடும் ரீலும் கிளாட்வின் ஸ்டுடியோவில் இருக்கின்றன. கிளாட்வின் என் தூண்டில் கூட்டாளி. ஊரில் எல்லோர் கையிலும் கேமரா வந்துவிட்டதால் அவர் ஸ்டுடியோவுக்கு பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தவிர ஆள் வருவதில்லை. காலையில் அங்கே போய், தலைவாரும் கண்ணாடிக்கு முன்னால் சட்டை பேண்ட்டைக் கழற்றி மாட்டிவிட்டு லுங்கிக்கு மாறுவேன். மாலையில் மறுபடியும் மேலாளர்.

"வீட்டுல சொல்லிரும் வே" என்றார் கிளாட்வின்.

"சொல்லுவேன். நேரம் வரட்டும்."

இன்று ஒரே ஒரு பேத்தை. நேற்றைய நாலில் ஒன்றாக இருக்கலாம். பார்த்த முகமாக இருந்தது.

ஜூன் 4, புதன்

மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து போய்விட்டேன். கண்ணாடி இல்லாமல் தூண்டில் முள்ளில் நைலான் நரம்பு கோக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மீன்கள் அதுவரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு போய்விட்டன.

மாலையில் வந்து பார்த்தால் என் கண்ணாடி கனியின் கைப்பைக்குள் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "ஸ்க்ரூ லூசா இருந்துச்சு. சரி பண்ணக் கொண்டுபோனேன்" என்றாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆபீஸ் எப்படிப் போச்சு?"

"வழக்கம்போலதான்."

அவள் உள்ளே போய், தெருவுக்கே கேட்கும்படி பாத்திரம் கழுவினாள்.

ஸ்க்ரூ இப்போதும் லூசாகத்தான் இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன். டைரியிடம்கூட மறைப்பது அதிகப்படி.

மே முப்பதாம் தேதி சென்னையிலிருந்து ஒருவர் லேப்டாப்புடன் வந்தார். கிளை 'ஒருங்கிணைக்கப்படுகிறது' என்றார். நான் ஒருங்கிணைக்கப்படவில்லை. ஆவணங்களை இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளுமாம். பதினாறு வருஷம் நான் தினமும் பார்த்த வேலையை அது நாலு நிமிடத்தில் முடிக்குமாம். பிறகு எங்கள் ஆறு பேரையும் நிற்கவைத்து கேக் வெட்டினார்கள். எதற்குக் கேக் என்று இன்றுவரை புரியவில்லை. மாம்பழ வாசனையுள்ள கேக். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து சொல்வதாகத்தான் இருந்தேன். வாசலில் யாழினி, "அப்பா, எனக்குக் கணக்குல தொண்ணூத்தி நாலு!" என்று குதித்தாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்ல?

மறுநாள் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாளும் ஏதோ வந்தது.

ஜூன் 9, திங்கள்

இன்று நல்ல தண்ணீர். கிளாட்வின் ஸ்கூட்டரில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் போனோம். ரப்பர் தவளையைத் தாமரை இலைகளுக்கு நடுவில் எறிந்து இழுக்க, ஒன்றரைக் கிலோ விரால் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து கவ்வியது. கனிக்கு விரால் குழம்பென்றால் உயிர். கல்யாணமான புதிதில் ஒரு விராலுக்காக என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

ஆனால் ஆபீஸிலிருந்து வருகிறவன் கையில் உயிர் விரால் எப்படி இருக்கும்? ஸ்டுடியோ பக்கத்து டீக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு ஐஸில் கிடந்த சாளை. தடைக்காலம், கடலுக்குப் படகு போகவில்லை, மார்க்கெட்டில் நல்ல மீனே இல்லை என்று கனி வருத்தப்பட்டாள். நானும் வருத்தப்பட்டேன். அவளைவிட அதிகமாகவே பட்டேன்.

ஜூன் 11, புதன்

கனி திடீரென்று சாம்பார் சாதத்தை நிறுத்திவிட்டு எலுமிச்சை சாதம், புளிச்சாதம் என்று கட்டித் தருகிறாள். இரண்டு பாட்டில் தண்ணீர் வேறு. "வெயில்ல கெட்டுப்போகாதுல்லா" என்றாள். ஏசி ஆபீஸில் ஏன் கெட்டுப்போகப்போகிறது என்று கேட்க வாயெடுத்து, அப்புறம் கேட்கவில்லை. எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்தால் மீன் வாடை போகிறது. கடவுள் நமக்கு உதவ நினைத்தால் டிபன் பாக்ஸுக்குள்ளேயே வந்துவிடுகிறார்.

ஜூன் 13, வெள்ளி

கச்சான், அதாவது மேல்காற்று, முகத்தில் அடிக்கிறது. எறிகிற ஈயக்குண்டெல்லாம் என்னிடமே திரும்பி வருகிறது.

கண்ணாடியில் பார்த்தேன். முகம் கரி. கழுத்துக்குக் கீழே பழைய மேலாளர். யாழினி, "அப்பா, ரெண்டு ஆளச் சேத்து ஒட்டுன மாதிரி இருக்கிய" என்றாள். "ஜன்னல் பக்கத்துச் சீட்டு" என்றேன். கனி கடையிலிருந்து ஒரு காலமைன் லோஷன் கொண்டுவந்து குளியலறை அலமாரியில் வைத்திருந்தாள். கூடவே ஒரு தொப்பி. கழுத்துவரை மறைக்கிற மடிப்புத் துணி வைத்த தொப்பி. கம்பெனிக்காரர்கள் கடையில் இலவசமாகக் கொடுத்தார்களாம். மருந்துக் கம்பெனிகள் எதையெல்லாம் கொடுக்கின்றன!

ஜூன் 15, ஞாயிறு

விடுமுறை. படுத்துக்கிடக்க வேண்டும் போலிருந்தது. வாரத்தில் ஆறு நாள் தூண்டில் பிடித்துத் தோள்பட்டை விட்டுப்போகிறது. ஆனால் பதினெட்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் மீன்பிடிக்கப் போகிறவன் இன்று போகாவிட்டால் சந்தேகம் வரும்.

"போகலியா?" என்றாள் கனி.

"போகாம?" என்று எழுந்துவிட்டேன்.

இன்று பிடிக்கிற மீனை மட்டும்தான் சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுவர முடியும். ஆகவே இன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மதுரைக் கம்பெனி ஒன்றோடு வீடியோவில் நேர்முகத் தேர்வு. ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்தேன். எல்லோரும் பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போட்டுக்கொள்கிற கோட்டை கிளாட்வின் எனக்கு மாட்டிவிட்டார். முன்னால் கோட். முதுகில் ஆறு துணிக் கிளிப். கீழே லுங்கி.

எதிர்முனையில் இருந்தவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். "சார், உங்க பின்னாடி ரொம்ப நீலமா இருக்கே" என்றார். சுவர் என்றேன். ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். பக்கத்தில் கிளாட்வின் அவரிடம், "நிமிந்து உக்காருங்க, தாடையக் கொஞ்சம் இறக்குங்க, அப்படியே அசையாதீய" என்றார். நான் நிமிர்ந்து, தாடையை இறக்கி, அசையாமல் இருந்தேன்.

தகவல் சொல்கிறோம் என்றார்கள்.

ஜூன் 20, வெள்ளி

தகவல் இல்லை. முயல் தீவில் இரண்டு ஊளி, ஒரு பாறை மீன். எங்கள் தெருப் பூனை பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடுவரை என் பின்னாலேயே வந்தது. "இது ஏன் உங்க பேண்ட்ட இப்படி மோந்து பாக்கு?" என்றாள் கனி. பிராணிகளுக்கு என்னைப் பிடிக்கும் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

யாழினிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை. அப்பா அல்லது அம்மாவின் வேலையைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். நோட்டும் பேனாவுமாக என் எதிரே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவிடம் கேள் என்றேன். அம்மா வேலையாக இருக்கிறாள் என்றாள்.

"உங்க வேலையில ரொம்ப முக்கியமானது என்னப்பா?"

"பொறுமை" என்றேன். அது எந்த வேலைக்கும் பொருந்தும்.

"அப்புறம்?"

"காத்திருக்கணும். அவசரப்பட்டு இழுத்தா அந்துரும். எதிர்ல இருக்கிறவன் பலம் என்னன்னு தெரிஞ்சு, அவன் இழுக்கும்போது விட்டுக் குடுத்து, அவன் களைச்ச நேரத்துல நாம இழுக்கணும்."

"யாரு, கஸ்டமரா?"

"ஆமா. கஸ்டமர்."

"வேலையில எது பிடிக்கும்?"

"காலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னால... " என்று ஆரம்பித்து, "ஃபைல் எல்லாம் அமைதியா இருக்கும்" என்று முடித்தேன்.

"கஷ்டமானது?"

"வெறுங்கையோட வீட்டுக்கு வர்றது" என்றேன். அவள் தலையைத் தூக்காமல் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து கனி இருமினாள். நெடுநேரம் இருமினாள். தாளித்த மிளகாய் காரமாக இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

மீன் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிற உள்ளூர்க் கம்பெனியில் ஆவண உதவியாளர் தேவை என்று விளம்பரம். உதவியாளர்! என்னிடம் மூன்று உதவியாளர்கள் இருந்தார்கள். செய்தித்தாளை மடித்து அதில் மண்புழுவைக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 30, திங்கள்

மாதக் கடைசி. சம்பள நாள். இதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜூலை 2, புதன்

ஒரு வாரமாகக் கனி வீட்டுக்கு வர ஏழரை, எட்டு ஆகிறது. கடையில் ஸ்டாக் எடுக்கிறார்களாம். ஒரு மருந்துக்கடையில் எவ்வளவு ஸ்டாக் இருக்கும்? சனிக்கிழமையும் போக வேண்டுமாம்.

ஜூலை 3, வியாழன்

பேனா தேடி அவள் கைப்பையைத் திறந்தேன். திருச்செந்தூர் ரோட்டில் இருக்கிற ஆறுமுகநேரிக்கு எடுத்த பஸ் டிக்கெட்டுகள். ஒன்றல்ல, நாலு. தூத்துக்குடிக் கடையில் ஸ்டாக் எடுக்கிறவளுக்கு ஆறுமுகநேரியில் என்ன வேலை?

ஆக, என் மனைவி என்னிடம் எதையோ மறைக்கிறாள். தினமும் வீட்டைவிட்டு ஒரு இடம் சொல்லிக் கிளம்பி வேறொரு இடத்துக்குப் போகிறாள். பதினெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் இப்படி ஒரு ஒளிவுமறைவு! கட்டின புருஷனிடம் நேராகச் சொல்ல என்ன தயக்கம்? மனசுக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. ஸ்டுடியோவுக்குப் போய் லுங்கிக்கு மாறும்போதுகூட அதே யோசனை.

கிளாட்வினிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் என்னையும் என் லுங்கியையும் பார்த்தார்.

ஜூலை 5, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் கிளாட்வினும் நானும் புன்னைக்காயல் போனோம். தாமிரபரணி கடலில் சேருகிற இடம். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்து, அலையாத்தி மரங்களுக்கு அடியில் பச்சையாகக் கிடக்கும். உயிர் மடவைக் குஞ்சு ஒன்றை முள்ளில் கோத்து வேரோரமாக விட்டேன். பத்தரைக்கு ராடு வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. நூறடி நரம்பு கண்முன்னே ஓடியது. பிறகு தண்ணீர் வெடித்து, வெள்ளிப் பலகை மாதிரி ஒன்று எழுந்து தலையை உலுக்கியது.

"கொடுவா!" என்று கத்தினார் கிளாட்வின். "ஏ மாதாவே! வேரப் பாத்துப் போகுது, விடாதீரும்!"

அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் முழங்கால் அளவு சேற்றில். அந்த நேரத்தில் என் செல்போன் அடித்தது. கனி. கிளாட்வின் எடுத்து என் காதில் வைத்துவிட்டார்.

"யாழினி ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு லேட்டாத்தான் வருவாளாம். என்ன, மூச்சு வாங்குது?"

"மீட்டிங்ல இருக்கேன்! அப்புறம் கூப்புடுதேன்!"

இருபத்தைந்து நிமிடம். விரலை நரம்பு அறுத்தது தெரியவில்லை. கடைசியில் கிளாட்வின் தண்ணீரில் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்துக் கரையில் போட்டார். எட்டுக் கிலோவுக்குக் குறையாது. நாங்கள் இருவரும் சேற்றில் மல்லாந்து படுத்துச் சிரித்தோம்.

அவருக்கு அபூர்வமாகத் திருச்செந்தூரில் ஒரு காதுகுத்து போட்டோ ஆர்டர். என்னை ஆத்தூரில் இறக்கிவிட்டு, ஸ்டுடியோ சாவியைக் கையில் கொடுத்தார். "மீன இங்கயே யார்ட்டயாவது குடுத்துரும் வே. வீட்டுக்குக் கொண்டுபோனா மாட்டிக்கிடுவீரு."

எனக்கும் தெரியும். ஆனால் முடியவில்லை. ஐந்து வாரத்தில் நான் உருப்படியாகச் செய்து முடித்த ஒரே காரியம் அது. மார்க்கெட்டில் வாங்கியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று, தலையைச் சாக்குக்குள் திணித்து, வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, லுங்கியும் தொப்பியும் சேறுமாக, திருச்செந்தூரிலிருந்து வந்த தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினேன். கூட்டம்.

"அண்ணாச்சி, அதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"மீனுக்கா?"

"என் மவனவிடப் பெருசா இருக்கு. அரை டிக்கெட்டாவது போடாண்டாமா?"

பஸ் சிரித்தது. ஒருவர் சாக்கை விலக்கிப் பார்த்து, "யம்மா! வலையில விழுந்ததா?" என்றார்.

நான் அமைதியாக இருந்திருக்க வேண்டும். "வலையா? தூண்டில்" என்றேன்.

"தூண்டிலா? எப்படி?"

அவ்வளவுதான். ஐந்து வாரமாக நான் பிடித்த எந்த மீனைப் பற்றியும் எந்த மனிதரிடமும் பெருமை பேசியதில்லை. எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ராடு வளைந்த விதத்தைக் காட்டினேன். அது எழும்பினபோது நானும் எழும்பினேன். பின்சீட்டு ஆட்கள் எழுந்து நின்று கேட்டார்கள். "சரியாப் பத்தரை மணி," என்றேன், "நான் முட்டளவு தண்ணியில நிக்கேன்..."

"பத்தரைக்கா?" என்றது பெண்கள் சீட்டிலிருந்து ஒரு குரல். "பத்தரைக்கு நீங்க மீட்டிங்ல இருக்கேன்னுல்லா சொன்னிய?"

மூன்றாவது வரிசை. ஜன்னல் ஓரம். மடியில் கைப்பை. கனி.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நீ எப்படி இந்த பஸ்ல?" என்று அதட்டலாகக் கேட்டேன்.

"வேலைக்குப் போயிட்டு வாரேன்."

"ஆறுமுகநேரியில என்ன வேலை?"

"இன்னொரு மருந்துக்கடையில வேலை. பத்து நாளாப் போறேன். உங்க மீட்டிங் எங்க நடந்துச்சு?"

"புன்னைக்காயல்ல" என்றேன்.

கண்டக்டர் என் தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, நீங்க மீன எங்கிட்டக் குடுத்துட்டுப் போய் அக்கா பக்கத்துல உக்காருங்க" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா கேட்காமலேயே எழுந்து இடம் கொடுத்தார். தூத்துக்குடி வரும்வரை நாங்கள் பேசவில்லை. பஸ்ஸிலும் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வீட்டுக்கு நடந்தோம். சாக்கின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"போன மாசம் நாலாந்தேதி. கண்ணாடியக் குடுக்க ஆபீசுக்கு வந்தேன். பூட்டுத் தொங்குது. மூடி அஞ்சு நாளாச்சுன்னு வாச்மேன் சொன்னாரு."

"ஒரு மாசமாத் தெரிஞ்சும் கேக்கலியே நீ."

"அன்னைக்கே கேக்கணும்னுதான் வந்தேன். 'வழக்கம்போலதான்'னு ஒரு மொகத்த வச்சுக்கிட்டு நின்னிய பாருங்க, எனக்கு வாய் வரல. நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு போயிட்டு. கெட்டுப்போகாத சோறாக் கட்டிக் குடுத்தேன். கடை கடையாத் தேடித் தொப்பி வாங்கினேன். இதுக்கு மேல நான் என்ன செய்ய? பையில மண்புழுவா போட்டுத் தர முடியும்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நின்றுவிட்டாள்.

"வேலை போனதுல எனக்குக் கோவமில்ல. கிளாட்வின் அண்ணனுக்குத் தெரியும். டீக்கடக்காரருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியக்கூடாது. நான் யாரு, உங்க மேலதிகாரியா? தெனமும் காலைல எனக்குப் பயந்துக்கிட்டுல்லா சட்டைய மாட்டிட்டுப் போனிய?"

"உனக்குப் பயந்து இல்ல" என்றேன். வேறு எதற்குப் பயந்து என்று சொல்லத் தெரியவில்லை. நான் அழவில்லை. மீன் தொட்ட கையால் கண்ணைத் துடைத்தது தப்பு, எரிந்தது.

அவள் சேலை முந்தானையை நீட்டினாள். பிறகு சாக்கைத் தூக்கிப் பார்த்து, "எத்தன கிலோ இருக்கும்?" என்றாள்.

"எட்டு."

"ம்" என்றாள். "பெருசுதான்."

ஜூலை 6, ஞாயிறு

நேற்று மாலை யாழினி வந்ததும் அடுப்படித் தரையில் கிடந்த கொடுவாவைப் பார்த்தாள், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "அப்பா சொல்லிட்டாங்களாம்மா?" என்றாள்.

கனி சொல்லி அவளுக்கும் தெரியுமாம்! கட்டுரைக்கு எங்கள் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாமாம், நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்க்கத்தான் என்னிடம் வந்தாளாம்.

"பின்ன நான் சொன்னத எல்லாம் ஏன் எழுதின?"

"நல்லா இருந்துச்சுப்பா. டீச்சர் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினாங்க."

அக்கம்பக்கம் ஆறு வீட்டுக்கு மீன் கொடுத்தோம். மீதியைக் கனி குழம்பு வைத்தாள். இன்று தூண்டிலுக்குப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மத்தியானம் வரை தூங்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

எட்டரை மணிக்கு எங்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது சிரமமாக இருக்கிறது. தூண்டிலில் மீன் விழாத நாள் இதைவிட லேசு.

மீன் கம்பெனி விளம்பரத்தைப் பற்றிக் கனியிடம் சொன்னேன். உதவியாளர் வேலை என்பதையும் சொன்னேன். ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதைச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம். நான் ஆறுமுகநேரிக்கு இன்னும் ரெண்டு மாசம் போவேன். ஆனா வேண்டாம்னா, 'வேண்டாம்'னு எங்கிட்டச் சொல்லணும்."

போன் செய்து கேட்டேன். இடம் இன்னும் காலிதான்.

ஜூலை 11, வெள்ளி

மீன் கம்பெனி நேர்முகத் தேர்வுக்குச் சொந்தச் சட்டையில் போனேன். அதிகாரி ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், பெயர் மெர்சிலின்.

"ஒரு மாசத்துக்கு மேல வேலை இல்லையே, என்ன சார் செஞ்சீங்க?"

பயிற்சி, குடும்பச் சூழ்நிலை என்று பஸ்ஸில் வரும்போதே இரண்டு பதில் தயாரித்து வைத்திருந்தேன். "மீன் பிடிச்சேன் மேடம்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கிடைச்சுதா?"

"ஒண்ணு."

திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 14, திங்கள்

முதல் நாள். என் மேசை ஐஸ் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் மார்கழி. பதினொரு மணிக்குள் பெரிய தப்பு ஒன்று செய்தேன். ஒசாகாவுக்குப் போக வேண்டிய கணவாய் மீனை ஆஸ்லோவுக்கு அனுப்பப் பார்த்தேன். மெர்சிலின் மேடம் நாலு பேர் முன்னால், "சார், மேப் வேணுமா?" என்று கேட்டார். நாலு பேரும் குனிந்து சிரித்தார்கள். மத்தியானம் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மாலை வீட்டுக்கு வந்தேன். கனி எனக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் ஆறுமுகநேரியிலிருந்து வந்திருந்தாள். அரிசி களைய உட்கார்ந்தவள், "எப்படிப் போச்சு?" என்றாள்.

நல்லாப் போச்சு என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது தானாகவே வருகிறது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "மோசம்" என்றேன். ஆஸ்லோவில் ஆரம்பித்து, மேப், கழிவறை எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்குப் போகப் பயமா இருக்கு கனி" என்றேன். இதை அவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் கணவாய் கதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பயத்துக்குச் சிரிக்கவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னாள். ஆறுமுகநேரிக் கடை முதலாளி நாள் முழுக்க ரேடியோவில் வருகிற பக்திப் பாட்டெல்லாம் சேர்ந்து பாடுவாராம், ஒன்றிலும் சுருதி நிற்காதாம், இருமல் மருந்து கேட்டு வருகிறவர்கள் அவருக்கே கொடுக்கச் சொல்கிறார்களாம். எழுந்து நின்று அவரைப் போலவே பாடிக் காட்டினாள். என் மனைவி இப்படியெல்லாம் பாடிக்காட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பாட்டு முடிந்ததும் இன்னொன்று கேட்டேன். அதையும் பாடினாள்.

எட்டு மணிக்கு யாழினி புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"எனக்குப் பசிக்கி. ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கலியா? சோறு உண்டா, இல்லியா?"

நாங்கள் இருவரும் அடுப்பைத் திரும்பிப் பார்த்தோம். உலையே வைக்கவில்லை.